அம்மாவை எங்கே வைத்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை

சாவதற்கு நாலு நாள் முன்னால் அப்பா என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். "என்னை ஊருக்குக் கொண்டுபோயி உங்க அம்மா பக்கத்துல வச்சிரு." சரிப்பா என்றேன். அந்தச் சரியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. ஏன் முடியவில்லை, அதில் எவ்வளவு பணமும் நாளும் போயின, ஒரு வருடம் கழித்து அதே கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பப் போனபோது என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன். நான் ஒரே பிள்ளை, கணவருக்கு வெளிநாட்டில் வேலை, அவருக்கு டிக்கெட் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாராவது முன்கூட்டியே நாலு விஷயம் சொல்லித் தந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ஆனால் நம் வீடுகளில் சாவைப் பற்றி யார் முன்கூட்டிப் பேசுகிறார்கள்? பேச்சை எடுத்தாலே "வாயில நல்ல வார்த்தையே வராதா" என்பார்கள். ஞாயிறு தவறாமல் எழுந்து நின்று "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று சொல்கிற வீடுகளிலும் இதே கதைதான்.

அப்பா போனது 2022 ஆகஸ்டில், சென்னையில், ஒரு தனியார் மருத்துவமனையில், சாயங்காலம் ஐந்து மணி வாக்கில். எங்கள் ஊர் திசையன்விளைப் பக்கம், தேரி என்கிற சிவப்பு மணலும் பனையுமாக இருக்கிற ஒரு சின்ன ஊர். சென்னையிலிருந்து 700 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மருத்துவமனை வாசலிலேயே ஒருவர் வந்து நின்றார், வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு செல்போன். ஃப்ரீசர் வண்டி, பெட்டி, மாலை எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்க்கா, நீங்கள் எதுவும் யோசிக்க வேண்டாம் என்றார். எதுவும் யோசிக்க வேண்டாம் என்று ஒருவர் சொல்வது அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? அந்த ஆறுதலுக்குத்தான் நான் பணம் கொடுத்தேன். வண்டிக்கு 29,000 என்று பேசினார். ஊரில் இறக்கிவிட்ட பிறகு டோல் தனி, டிரைவர் பேட்டா தனி, வண்டி காலியாகத் திரும்புகிறதற்குத் தனி என்று கணக்கு 41,000-இல் வந்து நின்றது. பிணத்தை இறக்கிவைத்த வாசலில் நின்றுகொண்டு யார் பேரம் பேசுவார்கள்? அது அவருக்குத் தெரியும். பெட்டிக்குச் சென்னையில் 14,000 கொடுத்தேன். அதே மாதிரிப் பெட்டியை எங்கள் ஊர்ப்பக்கம் 7,000-க்குச் செய்து தருவார்கள் என்று சித்தப்பா பிறகு சொன்னார், பிறகுதான் சொன்னார்.

இந்த இடத்தில் பைபிளின் ஆதியாகமம் 23-ஆம் அதிகாரம் ஞாபகத்துக்கு வரும். அன்றைக்கு வரவில்லை, மாதங்கள் கழித்துத்தான் வந்தது. மனைவி சாராள் இறந்ததும் ஆபிரகாம் அடக்கம்பண்ண இடம் கேட்டுப் போகிறார். நிலத்துக்காரன் எப்பெரோன் முதலில் சும்மாவே தருகிறேன் என்கிறான், அப்புறம் பேச்சோடு பேச்சாக, அந்த நிலம் நானூறு சேக்கல் வெள்ளி பெறும், எனக்கும் உமக்கும் அது எவ்வளவு, போய் அடக்கம்பண்ணும் என்கிறான். ஆபிரகாம் ஒரு வார்த்தை பேரம் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை வாசித்த அதிகாரம்தான், ஆனால் "எனக்கும் உமக்கும் அது எவ்வளவு" என்பது அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொன்ன "உங்களுக்கு இதெல்லாம் ஒரு காசாக்கா" என்பதன் இன்னொரு உருவம் என்று வண்டிக்காசு கொடுத்த பிறகுதான் புரிந்தது. தேசம் முழுவதையும் உனக்குத் தருவேன் என்று ஆண்டவரிடம் வாக்குப்பெற்ற மனிதர் அந்தத் தேசத்தில் காசு கொடுத்து வாங்கிய முதல் நிலம் பெண்டாட்டிக்குக் கல்லறை. அதையும் பட்டணத்து வாசலில் எல்லாரும் கேட்க, குகை, நிலம், அதிலிருந்த மரங்கள் என்று எல்லையோடு உறுதிப்படுத்திக்கொள்கிறார். நாங்கள் அதைச் செய்யவில்லை. ஆகவே வண்டி பேசும்போது டோல், பேட்டா, திரும்பும் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் பேச்சை அழுதுகொண்டிருக்கிற ஆள் பேச வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரையோ கூட வேலை பார்ப்பவரையோ பேசவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களுக்கு இலவச அமரர் ஊர்தி உண்டு என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

ராத்திரி எட்டரைக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் நான், பின்னால் அப்பா. ஃப்ரீசர் ஓடுகிற சத்தம், ஒரே சீராக, பழைய பிரிட்ஜ் மாதிரி. திருச்சி தாண்டும்வரை நான் அழுததாக ஞாபகம் இல்லை. மேலூர் தாண்டி ஒரு கடையில் டிரைவர் வண்டியை நிறுத்தினார், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் புரோட்டாக் கல்லின் வாசனை வந்ததும் இறங்கிப் போய் மூன்று புரோட்டா சாப்பிட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அப்படிப் பசித்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் வெட்கமாக இருந்தது, பின்னால் அப்பா கிடக்கிறார், நான் சால்னா கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கும் அப்படிப் பசித்தால் சாப்பிடுங்கள், அதில் ஒன்றும் பாவம் இல்லை.

காலை ஏழு மணிக்கு ஊர். சித்தப்பாவும் பெரியம்மாவும் சொந்தக்காரர்களும் கூடியிருந்தார்கள். அடக்க ஆராதனை சாயங்காலம் நாலு மணி என்று முடிவானது. ஒன்பது மணிக்குச் சபையிலிருந்து ஆள் வந்து, அப்பா உள்ளூர்ச் சபையில் அங்கத்தினராக இல்லை, சபைக்கு வருடா வருடம் கட்டுகிற சங்கக் காணிக்கையைக் கட்டிப் பல வருடமாகிறது, கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமென்றால் பாக்கியைக் கட்ட வேண்டும், சென்னைச் சபையின் ஐயரிடமிருந்து (பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்) கடிதமும் வேண்டும் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஐம்பது வருடம் ஞாயிறு தவறாத மனிதர், அவருக்குப் பாக்கியா? பெரியம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். 6,500 கட்டினேன், சென்னை ஐயருக்கு போன் போட்டுக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அவர் ஜெபக்கூட்டத்தில் இருந்ததால் வந்துசேர மதியம் ஆகிவிட்டது. இப்போது யோசித்தால் அந்த விதியில் தப்பில்லை என்றே படுகிறது, இடம் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம், ஊரில் இருந்து வருடா வருடம் கட்டுகிறவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறதே. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நாள் அதுவல்ல. வெளியூரில் வாழ்ந்துகொண்டு சொந்த ஊரில் அடக்கமாக வேண்டும் என்கிற ஆசை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், அவர்கள் நன்றாக இருக்கும்போதே ஊர்ச் சபையில் போய், என்ன கட்ட வேண்டும், என்ன கடிதம் வேண்டும், ஏற்கனவே அடக்கமான குடும்பத்தாரின் குழியைத் திறக்கலாமா, திறக்க எத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் இது மாறும், நகரத்துக் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் கறாராக இருப்பார்கள்.

அப்புறம் வந்தது உண்மையான சிக்கல். அம்மா 1993-இல் போய்ச் சேர்ந்தாள், எனக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்த இரண்டாம் வருடம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குக் கல் வைக்கவில்லை, காசில்லை, பிறகு காசு வந்தபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கல்லறை என்கிறோம், எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கல்லும் இல்லை, அறையும் இல்லை, தேரி மணலில் ஒரு மேடு, தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை. ஆடி மாதக் காற்றில் அந்த மணல் நகரும், ஐப்பசி மழையில் கரையும், சிலுவையைச் செல் அரிக்கும். பத்து வருடத்தில் மேடு தரையோடு தரை. சித்தப்பா ஓர் இடத்தைக் காட்டி இதுதான் மதினியை வைத்த இடம், இதற்குப் பக்கத்தில் வெட்டு என்றார். இரண்டு அடி வெட்டியதும் மண்வெட்டி சிமெண்டுப் பலகையில் மோதியது. அதற்குள் இன்னொரு குடும்பத்து ஆட்கள் வந்துவிட்டார்கள், அது அவர்கள் பாட்டையாவின் குழியாம். சத்தம், ஏசல், யாரோ ஒருவர் சித்தப்பாவின் சட்டையைப் பிடிக்கப் போனார். சபைக் கோயிலில் ஆராதனை முடிந்து பெட்டி வந்துவிட்டது. பெட்டியை வேப்பமர நிழலில் ஒரு பெஞ்சில் இறக்கி வைத்தார்கள், நிழல் நகர்ந்துகொண்டே போனது, பெட்டியை இரண்டு தடவை நகர்த்தி வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். கடைசியில் தெற்கு மதில் ஓரம் புதிதாகச் சேர்த்த பகுதியில், யாரும் இல்லாத ஒரு மூலையில், இன்னொரு குழி வெட்டி அப்பாவை வைத்தோம். இரண்டு குழிக்கும் கூலி, 3,000-க்குப் பதில் 6,000. ஐயர் "மண்ணுக்கு மண்" என்று சொல்லும்போது நான் பிடி மண் போட்டேன், போடும்போது மனதில் ஜெபம் ஒன்றும் இல்லை, "ஏமாத்திட்டேன்ப்பா" என்பது மட்டும்தான் இருந்தது. பெண்கள் கோயில் வாசலோடு நின்றுகொள்ளலாமே என்று ஒரு அத்தை சொல்லியிருந்தார்கள். நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் அந்தச் சண்டையைப் பார்க்காமல் இருந்திருப்பேன் என்பது உண்மைதான், ஆனாலும் நிற்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் நான் உடைந்து அழுதபோது சொந்தத்தில் ஒருவர் வந்து, அழக்கூடாது, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்கக் கூடாது என்று வேதத்தில் இருக்கிறது, அப்பா ஆண்டவர் சமுகத்தில் இருக்கிறார் என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன். அப்படியே மூடிக்கொண்டு ஒரு வருடம் இருந்தேன். அந்த வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:13. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து" என்று இருக்கிறது, துக்கிக்காதே என்று அங்கே இல்லை, துக்கத்தில் இரண்டு வகை உண்டு என்றுதான் அதை எழுதிய பவுல் சொல்கிறார். இறந்துபோன நண்பர் லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். எழுப்பத் தெரிந்தவரே அழுதிருக்கிறார். துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது, வசனம் சொல்லலாம், வாயை அடைக்கிற வசனமாகச் சொல்லாதீர்கள். அன்றைக்கு எனக்கு உண்மையில் உதவியது எதிர்வீட்டு அக்கா, ஒன்றும் பேசவில்லை, சுக்குக்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என் மகனைக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டித் தூங்கவைத்தார்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு காகித வேலை. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நினைத்தாலே எரிச்சல் வருகிறது. அடக்கம் செய்தது ஊரில் என்பதால் ஊர் வி.ஏ.ஓ.விடம்தான் இறப்பைப் பதிய வேண்டும் என்று நினைத்து, கிளம்புவதற்குமுன் இரண்டு நாள் அங்கேயே அலைந்திருந்தேன். அப்படி இல்லை, எங்கே உயிர் போனதோ அங்கேதான் பதிவு. மருத்துவமனையில் இறந்தால் அவர்களே மாநகராட்சிக்குத் தெரிவிப்பார்கள், வீட்டில் இறந்தால் நாம்தான் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், டாக்டரின் சான்று வேண்டும், நாள் தாண்டினால் தாமதக் கட்டணத்தில் ஆரம்பித்து மேலதிகாரி அனுமதிவரை போகும். எங்கள் விஷயத்தில் மருத்துவமனை தெரிவித்தது, ஆனால் அப்பாவின் இனிஷியல் ஒன்று விட்டுப்போய்விட்டது. ஆதாரில் இரண்டு இனிஷியல், சான்றிதழில் ஒன்று. வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைத் திருத்த நாலு மாதம், ஆறு நாள் லீவு. மருத்துவமனையில் அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்யும்போது ஒரு நிமிடம் வாங்கி, ஆதார் அட்டையோடு ஓர் எழுத்து விடாமல் ஒத்துப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும்.

இனி கல். அம்மாவுக்கு நேர்ந்தது அப்பாவுக்கு நேரக் கூடாது என்ற வேகத்தில், அடக்கமாகி இரண்டே மாதத்தில், திருநெல்வேலிப் பக்கம் ஒரு பட்டறையில் கறுப்புக் கிரானைட்டில் கல் சொன்னேன், 38,000, முழுப்பணமும் முன்பணமாக. வாசகத்தை போனில் சொன்னேன், அதுதான் தப்பு. "கர்த்தருக்குள் உறங்குகிறார்" என்பது "உறங்குகிரார்" என்று வந்தது. அப்பா தமிழ் வாத்தியார். பள்ளியில் ஒரு றகரம் தப்பினால் காது திருகுகிற மனுசன், அவர் தலைமாட்டிலேயே அப்படி ஒரு கல். அதோடு நிற்கவில்லை. அந்த நவம்பர் மழையில் குழி மண் உள்வாங்கி, கல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வெட்டி மூடிய மண் இறுகுவதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும், அதிலும் மணல் பூமியில் ஒரு மழைக்காலமாவது தாண்ட வேண்டும், அதற்குமுன் கனமான கல்லை ஏற்றக் கூடாது. இது கல் விற்றவருக்குத் தெரியாதா? தெரியும். எழுத்தைத் திருத்தித் திரும்ப நிமிர்த்தி வைக்க 9,000. ஆக வண்டியில் 12,000, பெட்டியில் 7,000, இரண்டாவது குழிக்கு 3,000, கல்லில் 9,000, தேவையே இல்லாமல் என் கையைவிட்டுப் போனது 31,000 ரூபாய். அவசரப்படாதீர்கள். அதுவரை ஒரு மரச்சிலுவையும் சுற்றிலும் செங்கல் வரம்பும் போதும். வாசகத்தை எழுதிக் கொடுங்கள், வெட்டுவதற்குமுன் கல்லில் வரைந்ததைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பாதிப் பணத்தைக் கல் நின்ற பிறகு கொடுங்கள்.

2023 நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். கல் நேராக நிற்கிறதா என்று பார்க்கத்தான் போனேன், வேறு பெரிய எண்ணம் ஒன்றும் இல்லை. ஒருநாள் முன்னதாகவே போய்விட்டதால் தோட்டத்தில் யாரும் இல்லை, கல்லறைத் தோட்டம் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி மட்டும் முள்வெட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயது தாண்டியவர். அப்பா அடக்கத்தன்று அவர் ஊரில் இல்லை, கண் ஆபரேஷனுக்காக நாகர்கோவிலில் இருந்திருக்கிறார். சண்டையைக் கேள்விப்பட்டிருந்தார். "எனக்கு ஒரு போனைப் போட்டிருக்கப்படாதாம்மா? உங்க சித்தப்பாவுக்கு கிழக்கு மேற்கே தெரியாதே" என்றார். ஒரு வருடமாக நான் யாரிடமும் கேட்காத கேள்வியை அவரிடம் கேட்டேன், அம்மா எங்கே இருக்கிறாள்? கையில் அப்பாவின் பீரோவில் கிடைத்த ஒரு போட்டோ இருந்தது. அப்போதெல்லாம் சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்களே, அதில் ஒன்று குழிப் பக்கத்தில் எடுத்தது. நான் நீலப் பாவாடையில், ஃபோட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் இரட்டைப் பனை, இடது ஓரத்தில் பாதி தெரிகிற, உடைந்த கை உள்ள ஒரு கற்சிலுவை.

அண்ணாச்சி போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், அப்புறம் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். இரட்டைப் பனையில் ஒன்று போய்விட்டது, இன்னொன்று மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்றார். பழைய பகுதிக்குக் கூட்டிப்போனார், உடைமுள்ளும் வடலியுமாக நான் அதுவரை கால்வைக்காத பகுதி. அங்கே 1880-கள் தொட்டுக் கல்லறைகள் இருக்கின்றன, செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசியவை, பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம். வயது 3, வயது 1, ஒன்றில் வயதே இல்லை, "சிசு" என்று மட்டும். ஒரே வருடத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். என்ன காய்ச்சலோ. எழுத்துகள் பாதி உதிர்ந்தும் "நித்திரை" என்ற வார்த்தை மட்டும் நிறையக் கற்களில் தெரிந்தது. கிரேக்கத்தில் தூங்குகிற இடம் என்று பொருள்படுகிற சொல்லிலிருந்துதான் கிறிஸ்தவர்கள் இந்த மாதிரித் தோட்டங்களுக்குப் பேர் வைத்தார்கள், ஆங்கிலத்தில் செமிட்டரி என்கிறோமே, அது அதிலிருந்து வந்தது. நம் ஆட்கள் அதை நித்திரை என்று அழகாக ஆக்கிக்கொண்டார்கள். எனக்கு அது வெறும் சடங்கு வார்த்தையாகத்தான் இதுவரை தெரிந்தது. மூன்று வயதுப் பிள்ளையைப் புதைத்துவிட்டு "தூங்குகிறான்" என்று கல்லில் வெட்டச் சொல்லிக் கூலி கொடுத்த அந்தத் தகப்பன் பனையேறியாகத்தான் இருந்திருப்பான். அவனுக்கு அது சடங்காக இருந்திருக்க முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதே நம்பிக்கையைச் சொல்லிக்கொண்டு சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிக்கு ஒரு சுவர் கட்டி வைத்திருக்கிறார்கள். கடைசி நாளில் எக்காளம் தொனித்து மரித்தவர்கள் எழும்போது அந்தச் சுவரை என்ன செய்வார்களோ.

அண்ணாச்சி குழிகளின் திசையை வைத்துத்தான் தேடினார். தலை மேற்கே, கால் கிழக்கே. எழுந்து உட்கார்ந்தால் முகம் கிழக்கே பார்க்கும், ஆண்டவர் வருகிற திசை. சித்தப்பா காட்டிய இடம் பனைக்கு வடக்கே, போட்டோவில் பனை நிழல் விழுகிற பக்கத்தைப் பார்த்தால் சாயங்காலம், நிழல் கிழக்கே விழ வேண்டும், அப்படியென்றால் போட்டோ எடுத்தவன் தெற்கே பார்த்து நின்றிருக்கிறான் என்று என்னென்னமோ கணக்குப் போட்டார், நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத்தடுமாறியவள், எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் கை உடைந்த சிலுவை கிடைத்தது, அதற்கு அந்தண்டை மூன்று மேடுகள், மேடுகள் என்று சொல்ல முடியாது, காலால் தடவினால் தெரிகிற மாதிரி ஓர் உயர்வு. "இந்த மூணுல ஒண்ணும்மா. எதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது." சபை அலுவலகத்தில் அடக்கப் பதிவேட்டையும் கேட்டுப் பார்த்தேன், அம்மாவின் பேர், வயது 34, தேதி, அடக்கம்பண்ணின ஐயரின் கையெழுத்து எல்லாம் இருந்தது. எந்த இடம் என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

மறுநாள் காலை ஆராதனை முடிந்ததும் மனம் கேட்காமல் மகனைக் கூட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போனேன், எங்களுக்குப் பக்கம்தான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயர் 1841-இல் வந்து குடியேறிய ஊர். 1891 ஆகஸ்ட் 28-இல் அவர் கொடைக்கானலில் இறந்தார், அங்கேயே வைத்திருக்கலாம், ஆனால் மலையிலிருந்து இறக்கி இவ்வளவு தூரம் கொண்டுவந்து, 30 வருடத்துக்கு மேலாக அவர் கட்டிய அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். ஃப்ரீசர் வண்டி இல்லாத காலம். அவரைத் தூக்கி வந்தவர்கள் வழியில் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது, சிரிப்பும் வந்தது. அயர்லாந்தில் பிறந்தவர் இங்கே தன் மண் என்று வந்து கிடக்கிறார், அவர் இருக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும். என் அம்மா பிறந்த ஊரிலேயே கிடக்கிறாள், இடம் தெரியவில்லை. மகன் கேட்டான், "அப்போ ஆச்சியை ஆண்டவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?" ஏழாம் வகுப்புப் பையன், கிண்டலாகத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். நான் சொல்ல நினைத்த பதில் எல்லாம் ஞாயிறு பள்ளிப் பதிலாகவே இருந்தது. கடைசியில், அவருக்கே சொந்தமாகக் கல்லறை கிடையாதுடா, அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்காக வெட்டி வைத்திருந்ததில்தான் மூன்றாம் நாள்வரை இருந்தார், தேடிப்போன மகதலேனா மரியாளும் அவரைப் பார்த்துத் தோட்டக்காரர் என்று நினைத்தாள் என்றேன். அவன், சரி, நம்ம தோட்டக்காரத் தாத்தாகிட்டயே கேட்டுக்கட்டும் என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு நம்பிக்கை உண்டு. ஒரு வருடம் தடுமாறிய பிறகும் உண்டு, ஆனால் அது முன்பிருந்த மாதிரி வழுவழுப்பாக இல்லை. உயிர்த்தெழுதலுக்கு ஆண்டவருக்கு முகவரி தேவையில்லை, அது சத்தியம். ஆனால் எனக்குத் தேவை. போய் நிற்க ஓர் இடம் எனக்கு வேண்டும், வாக்குத்தத்தம் பெற்ற ஆபிரகாமுக்கே வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் ஒன்றையொன்று அடித்துவிடாமல் வைத்துக்கொள்ள இப்போதுதான் பழகுகிறேன்.

அப்பாவின் இடத்தை அளந்துவிட்டேன். தெற்கு மதிலின் மூலைத் தூணிலிருந்து கிழக்கே 22 அடி, மதிலிலிருந்து உள்ளே 6 அடி. டேப் வாங்கிக்கொண்டுதான் போனேன். மதில் இடியலாம், மரம் விழலாம், அதனால் இரண்டு பக்கத்து அளவும் வேண்டும். ஒரு நோட்டில் எழுதி, செல்போனில் இருப்பிடத்தைக் குறித்து, தூரத்திலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாகப் படம் எடுத்து, காகிதத்தில் அச்சுப்போட்டு அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு அதே கவரில் வைத்திருக்கிறேன், கணவருக்கும் சித்தப்பா மகளுக்கும் அனுப்பியும் விட்டேன். உங்கள் வீட்டில் யாரையாவது மண்ணில் வைத்திருந்தால் அடுத்த முறை போகும்போது ஒரு டேப் எடுத்துப் போங்கள், பத்து நிமிட வேலை. அந்த இடம் பார்த்துக்கொள்கிறவரின் போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். கமிட்டி மாறும், ஐயர் மாறுவார், அவர் மாறுவதில்லை.

கிளம்புவதற்குமுன் தோட்டத்துக்குத் திரும்பப் போனேன். அண்ணாச்சி அந்த மூன்று மேட்டையும் சுற்றி முள்ளை வெட்டிச் சுத்தமாக்கி வைத்திருந்தார். செங்கல் வரம்பு கட்டி வெள்ளையடிக்க ஒரு குழிக்கு 600 ஆகும் என்றார், எந்த ஒன்றுக்குக் கட்டட்டும் என்று கேட்டார், நடுவில் இருக்கிறதுதான் அம்மாவாக இருக்கும் என்று தனக்குப் படுவதாகவும் சொன்னார். மற்ற இரண்டும் யாருடையவை என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, தேடி யாரும் வந்ததில்லை என்றார்.

மூணுக்கும் கட்டிருங்க அண்ணாச்சி என்று 1,800 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.